மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

ஆறு மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் பதினொரு வருடம் லிப்ட் இயக்கியவர் அவர். எல்லாருக்கும் அவர் லிப்ட்காரர்தான். ஸ்ட்ரெச்சர் வந்தால் ஸ்டூலை மடக்கிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நிற்பார்.

ஒரு மதியம், எட்டுப் பேரோடு லிப்ட் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றுவிட்டது. மின்விசிறியும் நின்றது. ஒரு பெண்ணுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. லிப்ட்காரரின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, நின்னுடுச்சா?”

“இல்லம்மா, போயிட்டுதான் இருக்கு. மெதுவா போகுது. நீங்க மூச்ச நல்லா இழுத்து விடுங்க.”

கதவை நெம்பித் திறக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதுவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூலையில் நின்ற யாரோ போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். வெறும் பதினொரு விநாடி. அதில் அந்தப் பெண் இல்லை. மூன்றிலேயே நின்றுபோன எண்ணும், வியர்த்து வழிந்தபடி “போயிட்டுதான் இருக்கு” என்னும் அவர் முகமும்தான்.

ஒரே வாரத்தில் அது ஒரு சொல்லாகிவிட்டது. அரியர் வைத்தவனிடம் படிப்பு எப்படி என்றால் “போயிட்டுதான்” என்றான். ஊத்தி மூடின கடையின் படத்துக்குக் கீழே “வியாபாரம் போயிட்டுதான்” என்று எழுதினார்கள். கூச்சமில்லாமல் புளுகுகிறவனுக்கே அது பெயராயிற்று.

“ஆஸ்பத்திரி மானமே போச்சுய்யா,” என்றார் மேனேஜர். லிப்ட்காரரைக் கீழ்த்தளத்தில் அழுக்குத் துணி மூட்டை கட்டப் போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மருந்து வாங்கும் வரிசையில் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அன்று நடந்ததை ஒரு வீடியோவில் சொல்ல முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அவள் கண் கலங்கினாள். “நீங்க இல்லேன்னா அன்னைக்கே போய்ச் சேர்ந்திருப்பேண்ணே. ஆனா நான் இங்க வர்றது வீட்டுல யாருக்கும் தெரியாது. என்னையும் சேத்து ஓட்டுவாங்க. விட்டுடுங்கண்ணே.”

“சரிம்மா,” என்றார்.

புதுச் சொற்களுக்குப் பொருள் எழுதும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. ‘பழுதை மறைத்துப் பொய் சொன்ன ஊழியரிடமிருந்து வந்தது’ என்று அதில் அந்தச் சொல்லுக்கு நேரே இருந்தது. கல்லூரியில் படிக்கும் அவர் மகள் நடந்ததை அங்கே எழுதினாள். ஆதாரம் இல்லை என்று நீக்கினார்கள். மறுபடி எழுதினாள், மறுபடி நீக்கினார்கள். நாலாவது தடவை, அவளால் எழுதவே முடியாதபடி தடுத்துவிட்டார்கள்.

“என்னம்மா ஆச்சு?” என்று சாப்பிடும்போது கேட்டார்.

“மாத்திட்டாங்கப்பா,” என்றாள் தட்டைப் பார்த்தபடி. “இப்ப சரியாத்தான் போட்டிருக்காங்க.”

அன்று இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார். மறுநாள், தன்னோடு மூட்டை கட்டும் ஆளிடம், “என்னைப் பத்தி இப்ப சரியா எழுதிட்டாங்கய்யா, எடுத்துப் பாரு,” என்றார். அந்த ஆள் போனில் தேடினார், படித்தார். போனைப் பையில் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த போர்வையை எடுத்தார்.

லிப்ட்காரருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு மகளிடம் அவர் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை.