பூட்டிக்கொண்ட கல்யாணப் படங்கள்

கடத்தூரில் எங்கள் ஸ்டூடியோவில் கல்யாணப் படங்கள் மாதக்கணக்கில் கிடக்கும். ஆல்பத்துக்குப் படம் பொறுக்கித் தர வாங்க என்று போன் போட்டால், அடுத்த வாரம் என்பார்கள். வீட்டில் இன்னொரு விசேஷம் வந்தால்தான் பழையதன் ஞாபகம் வரும். அதற்குள் கேமரா கார்டை அழித்து அடுத்த முகூர்த்தத்துக்குக் கொண்டுபோயிருப்போம். கம்ப்யூட்டரில் இருப்பதுதான் மிச்சம்.

அதில் இருந்த ஆல்பம் சாஃப்ட்வேர் திருட்டு. காசு கொடுத்து வாங்கினவன் எவன் இருக்கிறான் என்பார் என் கணவர். போன வருஷம் புது வெர்ஷனை எங்கிருந்தோ இறக்கினார். முதலில் ஆன்டிவைரஸை அணை என்று அதிலேயே போட்டிருந்ததாம். மகராசன், அணைத்துவிட்டார். மறுநாள் ஒரு படமும் திறக்கவில்லை. பணம் கட்டினால் திறப்போம் என்று திரையில் ஒரு மிரட்டல்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஷட்டருக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பூட்டிக்கொண்டதில் ஒரு சர்ச் கல்யாணமும் இருந்தது. மகளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போன அப்பா, மறுமாதமே இறந்துபோனார். அவர் சிரித்த படம் வேறெங்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டு, படம் பொறுக்க அன்றைக்கென்று பார்த்து அவர் மகன் வந்து நின்றார்.

விஷயத்தைச் சொன்னோம். தருமபுரி சைபர் கிரைம் போலீசுக்குப் போவோம், நானும் வருகிறேன் என்றார். என் கணவர் அதெல்லாம் வேண்டாம் என்று இழுத்தார். அந்த மகன் சந்தேகமாகப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை, சாஃப்ட்வேர் திருட்டு என்று போட்டு உடைத்தேன்.

"எங்கப்பாவ திருட்டுச் சாமான நம்பியா வெச்சிருந்தீங்க?"

கேட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

என் கணவர் அரூரில் தெரிந்த வக்கீலுக்குப் போன் போட்டார். தெரிந்தே பயன்படுத்தினால் கேஸ்தான், ஜெயில், அபராதம் எல்லாம் உண்டு, கம்ப்யூட்டரையும் எடுத்துப்போவார்கள் என்றாராம். மகளிர் லோன் சுலபம் என்று கடையை என் பேரில்தான் பதிந்திருந்தோம். என் கணவர் கீபோர்டில் கை வைத்தார்.

"ஃபார்மேட் போட்டுட்டா ஒரு தடயமும் இருக்காது. கேஸுன்னு வந்தா நீதான் போயி நிக்கோணும்."

எங்கே நிற்பேன், வீட்டில் யார் சமைப்பார்கள் என்றுகூட யோசித்தேன். ஆனால் பூட்டின படத்துக்கு என்றாவது சாவி கிடைக்கலாம், அழித்த படத்துக்குக் கிடைக்காது.

"கைய எடுங்க. அந்த மனுசன் இன்னும் இதுக்குள்ளதான் இருக்காரு."

ஒயரைப் பிடுங்கினேன். புகாரை நானே எழுதினேன், திருட்டு சாஃப்ட்வேர் சங்கதியையும் சேர்த்து. கீழே என் கையெழுத்தைப் போட்டேன். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்.

தருமபுரி பஸ்ஸில் அந்த மகன் எங்களைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். சிபியூவைக் கீழே வைக்கவும் விடவில்லை. மடியில் வைத்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.