முப்பத்தெட்டாவது கதவு

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் மொத்தம் முப்பத்தெட்டு கதவுகள். முப்பத்தேழைக் கழற்றிக் கொண்டுபோயாகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றின் முன்னால் சாவியக்கா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிங்கக்கா. பழைய பெயின்ட்டை உரிச்சு நாலே நாள்ல திருப்பித் தந்துடுவோம்" என்றார் மேஸ்திரி.

"தந்து எங்க மாட்டுவீங்க? இந்த இடத்துல லிஃப்ட் வருதுன்னு கடுதாசி குடுத்திருக்கீங்களே!"

மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

படிக்கட்டுக்கு அடியில் இருந்த அந்த ஒற்றை அறைதான் அவள் வீடு. இருபத்தாறு வருஷமாக அந்தக் கட்டடத்தைப் பெருக்குவதும் காவல் காப்பதும் அவள்தான். புருஷன் பார்த்த வேலை. அவன் செத்த மறுநாள் காலையில் சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டவள், அதற்குப் பிறகு கழற்றவில்லை. அவளுடைய சொந்தப் பெயர் வங்கிப் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும். மகள் பிறந்ததும் படித்ததும் அந்த அறையில்தான். இப்போது மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள்.

ஒரு காலத்தில் வக்கீல், தையல்காரர், பல் டாக்டர் என்று எல்லா அறையும் நிரம்பியிருந்தது. ஊருக்கு வெளியே புதுக் கடைகள் வந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைத்தெருவே ஈயாடியது. பிறகு நகராட்சிக்கு ஞானம் பிறந்தது: பழைய கட்டடங்களைப் புதுப்பித்தால் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள், தெருவுக்கும் உயிர் வரும். சாரம் கட்டியபோது ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் சாவியக்காதான். அடுத்த வாரமே நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

"வேற வீடு பாத்துக்கலாம்மா. எதுக்கு வம்பு?" என்றாள் மகள்.

"ஒழுகின எடத்துல எல்லாம் வாளி வெச்சது யாருடி? கூரையில மொளைச்ச செடியப் புடுங்கினது யாரு? கட்டடம் நிக்குறதாலதான் பாக்க வர்றாங்க. நிக்க வெச்சவ மட்டும் போகணுமா? நான் போக மாட்டேன்."

கதவுகளைக் கழற்றிய அன்று அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். ஆட்கள் ஒவ்வொரு கதவிலும் சாக்பீஸால் நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேஸ்திரி, அது அழிஞ்சுடும். ஆணியால கீறி வைங்க."

"அக்கா, கதவைத் திறக்க உங்களுக்குத் தெரியும். கழட்ட எனக்குத் தெரியும்" என்றார் அவர். ஆட்கள் சிரித்தார்கள்.

கதவுகளைக் காரத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டார்கள். பெயின்ட் உரிந்தது, நம்பரும் சேர்ந்து உரிந்தது. முற்றத்துச் சுவரில் முப்பத்தேழு கதவுகள் ஒரே ஜாடையில் சாய்ந்து நின்றன.

ஒரே அளவுதானே, எதை எங்கே மாட்டினால் என்ன என்று ஆரம்பித்தார்கள். நூறு வருஷத்தில் கட்டடம் மெல்ல மெல்ல இறங்கியிருந்தது. ஒவ்வொரு வாசல் நிலையும் ஒவ்வொரு பக்கம் கோணல். அந்தந்தக் கோணலுக்கு ஏற்ப அந்தந்தக் கதவை எப்போதோ யாரோ இழைத்து வைத்திருந்தார்கள். இரண்டு நாள் மல்லுக்கட்டியதில் மூன்று கதவுகள்தான் பொருந்தின. நான்காவதை அவசரத்தில் இழைத்துவிட்டு, அது தன் இடமில்லை என்று பிறகு தெரிந்து, தச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

வேலையை மேற்பார்க்கும் நகராட்சி என்ஜினியரம்மா வந்து பார்த்து முகம் வெளுத்தாள். கதவுகளின் நடுவே துடைப்பத்தோடு போன சாவியக்கா, நிற்காமலே சொன்னாள்: "அது பல் டாக்டர் கதவு. உள்பக்கம் பாருங்க, நகக்கீறலா இருக்கும்."

திருப்பிப் பார்த்தார்கள். கீறலாக இருந்தது.

"இது தையல்காரருது. பூனை வந்துபோக அடி மூலையை அறுத்துட்டாரு. அது வக்கீலுது. உள்ள போகலாமா வேணாமான்னு ஆளுங்க புடிச்சுக்கிட்டே நின்னு ஓரமெல்லாம் தேஞ்சுபோச்சு."

"எல்லாமே தெரியுமா அக்கா?" என்றாள் என்ஜினியரம்மா.

"இருபத்தாறு வருஷமா காலையில தொறந்து சாயங்காலம் சாத்தியிருக்கேன். பெத்த புள்ளைய அடையாளம் தெரியாதா?"

"அப்படின்னா மத்ததையும் சொல்லிடுங்க."

"சொல்றேன். முதல்ல என் கதவு. அது இருக்குற எடத்துலயே இருக்கும்னு எழுதிக் குடுங்க."

"ஐயோ, அங்க லிஃப்ட் வருதே!"

"பின்முற்றத்துல வைங்க. முதல்ல நீங்களே அங்கதான போட்டிருந்தீங்க? இங்க உங்க ஆபீஸ் ரூம் சுவத்துல ஒட்டின கட்டடப் படத்தை நான் தெனமும் தூசி தட்டறவ. போன மாசம் வரைக்கும் லிஃப்ட்டுக்குப் பெருக்கல் குறி போட்ட கட்டம் பின்னாடி இருந்துச்சு. அங்க காப்பிக்கடை மேசை போடணும்னதும் என் தலைமேல வந்து உக்காந்துடுச்சு."

"மேஸ்திரி, படிப்பில்லாதவங்கன்னு சொன்னீங்க?" என்றாள் என்ஜினியரம்மா. மேஸ்திரி கூரையில் எதையோ பார்த்தார்.

"நான் மேல கேக்கணும் அக்கா."

"கேளுங்க. எனக்கு அவசரமில்ல. உங்களுக்குத்தான் பன்னெண்டு நாள்."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். போலீசைக் கூப்பிடுவார்களோ, சாமானைத் தெருவில் எறிவார்களோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மேஸ்திரி வந்து, "ஒரே ஒரு கதவாச்சும் சொல்லுங்கக்கா" என்று கெஞ்சியபோது, "உங்களுக்குத்தான் கழட்டத் தெரியுமே" என்றாள்.

மூன்றாம் நாள் கையெழுத்தும் முத்திரையுமாகத் தாள் வந்தது. காவல்காரர் அறை இருக்கும் இடத்திலேயே இருக்கும், அவள் வேலையும் அவளுக்கே. அதை மகளை விட்டு இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு முற்றத்துக்குப் போய்க் கதவு கதவாகக் கைகாட்டினாள். ஐந்து நாளில் எல்லாம் நிலையேறின. தச்சர் இழைத்துக் கெடுத்த ஒன்று மட்டும் இன்றும் இழுத்துச் சாத்தினால்தான் சாத்தும்.

இப்போது சுற்றுலாக்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். மெருகேறிய முப்பத்தேழு கதவுகளை விட்டுவிட்டு, படிக்கட்டுக்கு அடியில் உள்ள பச்சைக் கதவைத்தான் படமெடுக்கிறார்கள். "கட்டடத்தின் ஆதி நிறம் இதுதான்" என்று வழிகாட்டி தினமும் சொல்வார்.

தினமும் உள்ளேயிருந்து பதில் வரும்: "இல்ல. பல் டாக்டர் மீத்த பெயின்ட்டு. நான் அடிச்சது."