வயிற்றில் தைத்த வலை

போன அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்து காணிக்கையாக வந்த காய்கனிகளின் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, என் கணவர் சாமுவேல் வாழைத்தாரைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்ததை நம் சபையில் பலரும் பார்த்தீர்கள். தார் வழுக்கிவிட்டது என்று அவரே சொன்னார். நீங்களும் நம்பினீர்கள். நான் நம்பவில்லை. அவர் முகத்தில் இரத்தமே இல்லை. அதற்குப் பிறகு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் ஆண்டவருக்கு நான் நன்றி கெட்டவளாகிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் சூலூர் பக்கம் ஒரு யூனிட்டில் வலை பின்னும் மெஷின் ஓட்டுகிறார். நர்சரிகளில் செடிக்கு மேலே பச்சையாகக் கட்டுகிறார்களே, அந்த நிழல்வலைதான் அங்கே முக்கியச் சரக்கு. மில்களுக்கு வடிகட்டித் துணியும் போகும். எல்லாமே மோனோ நூல், அதாவது முறுக்கு இல்லாத ஒற்றை பிளாஸ்டிக் இழை. கனமான ரோல்களைத் தூக்கித் தூக்கி அவருக்கு வலது அடிவயிற்றில் குடல் இறங்கிவிட்டது. நின்றால் எலுமிச்சம்பழம் போலத் தெரியும். படுத்துக் கையால் அழுத்தினால் உள்ளே போய்விடும். அழுத்திவிட்டு மறுபடி வேலைக்குப் போய்விடுவார். சபையில் தார் தூக்குவதையும் விடமாட்டார்.

நான் நச்சரித்து ஒருநாள் பீளமேட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆபரேஷன் செய்து, பலவீனமான இடத்தில் வலை வைத்துத் தைக்க வேண்டும் என்றார். கையளவு வெள்ளை வலைத் துண்டு ஒன்றை மேசைமேல் வைத்துக் காட்டினார். என் கணவர் அதை எடுத்துப் பார்த்தார். விரலால் தேய்த்தார். இழுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணி எண்ணினார். பிறகு, "சரிங்க. யோசிச்சுட்டு வாரோமுங்க" என்று கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் சொன்னார்: "அது நம்ம சரக்கு, அம்மணி. மோனோ. நாலு வெயில் பார்த்தா கையில பொடிப்பொடியா உதிரும். அதையக் கொண்டுபோய் வயித்துக்குள்ள வெக்கச் சொல்றாங்க."

"இதை உள்ளயே கேக்கறதுக்கு என்னங்க?"

"படிச்சவங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிக் கேக்கறது? மரியாதையா இருக்குமா?"

இதுதான் நம் பக்கத்து ஆட்களின் வியாதி. யாருக்கும் மனசு நோகக்கூடாது. வேண்டாம் என்பதைக்கூட 'பார்க்கலாமுங்க' என்றுதான் சொல்லுவோம். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டினார். நான் சண்டை போட்டேன், அழுதேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். மனுஷன் அசையவில்லை. உடும்புப்பிடி என்று திட்டினேன்.

பண்டிகையன்று அவர் உட்கார்ந்ததும் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. "உள்ள போகலை, எஸ்தரு" என்று காதோடு சொன்னார். பாரிஷ் ஹாலுக்குப் பின்னால் ஒரு பாயில் படுக்கவைத்தேன். எவ்வளவு அழுத்தியும் உள்ளே போகவில்லை. கல் மாதிரி இருந்தது. பிறகு வாந்தி எடுத்தார். வெளியே ஏலக்காரர் பூசணிக்காய்க்கு விலை கூவிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

பண்டிகை கெட்டுவிடும், சபையில் யாருக்கும் சொல்லாதே என்றார். அதனால் அவருடைய யூனிட்டை நடத்தும் சரசக்காவுக்குப் போன் செய்தேன். அவர் நம் சபை இல்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோவிலுக்குப் போகிறவர். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் காரை எடுத்துக்கொண்டு வந்தார். "சாமுவேலு, பேசாம சாஞ்சுக்க. நான் இருக்கேன்" என்றார். சிங்காநல்லூர் சிக்னலில் வண்டிகள் நகரவே இல்லை. பின்சீட்டில் என் கணவர் என் மடியில் தலை வைத்து முனகுகிறார். சரசக்கா ஹாரனை அழுத்திக்கொண்டே தன் சாமியைக் கூப்பிடுகிறார். நான் என் ஆண்டவரைக் கூப்பிடுகிறேன். பச்சை விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா இருந்தது ஆண்டவர் செய்த முதல் உதவி. ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதே இல்லையாம். வேறொரு நோயாளியைப் பார்க்க வந்தவர் கிளம்பப் படியிறங்கிக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தவுடன் அவர் முகம் மாறிவிட்டது.

"குடல் மாட்டிக்கிச்சு. ரத்த ஓட்டம் நின்னுட்டா அழுக ஆரம்பிச்சிரும். உடனே திறக்கணும். குடல் உயிரோட இருந்தா வலை வெச்சு மூடிரலாம். செத்திருந்தா வெட்டித்தான் எடுக்கணும். அப்ப வலை வெக்க முடியாது."

என் கணவர் அந்த வலியிலும் தலையை ஆட்டினார். "வலை மட்டும் வேண்டாமுங்க. சும்மா தெச்சு உட்ருங்க."

"சும்மா தைச்சா மறுபடி இறங்குறதுக்கு வாய்ப்பு அதிகம். ஏன் வேண்டாங்கறீங்க?"

நீட்டிய சம்மதப் படிவத்தை அவர் வாங்கினார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் சுவரைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவருக்குப் பதிலாக நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். நான் சொல்லி அவர் எப்போது கேட்டிருக்கிறார்? அவரே கேட்டால்தான் அவருக்குத் தெளியும். ஆண்டவரே, இந்த மனுஷனின் வாயைத் திறந்துவிடும் என்று மட்டும் மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க. அந்த நூல் வெயில்ல பொடிஞ்சு போயிருமுங்க. நான்தான் தெனமும் பின்னறனே. உள்ளாற பொடிஞ்சு நான் போய்ச் சேர்ந்துட்டா, இவ தனியா நிப்பாளுங்க." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

இரண்டு வருஷமாக நான் பிடிவாதம் என்று நினைத்ததெல்லாம் பயம். எனக்காகப் பயந்திருக்கிறார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கட்டில் பக்கம் குனிந்தார். "அதைப் பொடிக்கறது வெயில்தாங்க. உங்க வயித்துக்குள்ள வெயில் அடிக்குமா?"

என் கணவர் விழித்தார்.

"ரகமும் வேற. அந்தக் கண்ணி வழியா உங்க சதையே வளர்ந்து பிடிச்சுக்கும். ஒத்தை இழையா ஏன் வெக்கறோம் தெரியுமா? முறுக்கு நூலா இருந்தா இடுக்குல கிருமி போய் ஒளிஞ்சுக்கும்."

"அழுக்குப் புடிக்காதுங்க" என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார். "வடிகட்டித் துணியும் அதுக்குத்தான் மோனோவுல பின்னறோம்." கையெழுத்துப் போட்டார்.

உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. அதுவரை எனக்கு ஒரு ஜெபம்தான் தெரியும்: உம்முடைய சித்தப்படி ஆகட்டும். அது நல்ல ஜெபம்தான். ஆனால் அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எனக்கு இந்த ஆள் வேணும். குடலுக்கு உயிர் வேணும். தாங்க" என்று சத்தமாகவே சொன்னேன். எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரசக்கா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒரு நர்ஸ் வெளியே வந்தார். "குடல் கறுத்திருக்குது. சூடான தண்ணித் துணி சுத்தி வெச்சிருக்காங்க. நிறம் மாறுதான்னு பார்த்துட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கறுப்பு என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை. தரையில் முழங்காலிட்டேன். ஜெபம் என்று சொல்ல முடியாது. அழுகைதான். ஆண்டவர் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கதவு மறுபடி திறக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவே வந்தார். முகத்துணியை இறக்கினார்.

"நிறம் திரும்பிருச்சு. குடல் அசையுது. வலை வெச்சுத் தைச்சாச்சு."

நான் அவர் காலில் விழப் போனேன், பிடித்துத் தூக்கிவிட்டார். மருத்துவம் தெரிந்தவர்கள் சூட்டுத் துணியால் நிறம் திரும்பியது என்பார்கள். சரிதான். கிளம்பியவரைப் படியிலேயே நிறுத்தியது யார், என் கணவரின் வாயைத் திறந்தது யார் என்று அவர்களிடம் கேட்கமாட்டேன். எனக்குத் தெரியும்.

இப்போது நன்றாக இருக்கிறார். ரோல் தூக்க யூனிட்டில் தள்ளுவண்டி வாங்கிவிட்டார்கள். யாராவது மருந்து, டாக்டர் என்று பேச்செடுத்தால், என்ன சந்தேகமோ அதை அங்கேயே கேட்டுவிட்டு வாருங்கள் என்று அவரே புத்தி சொல்கிறார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரும்.

அன்பானவர்களே, ஆண்டவரிடமும் நாம் மரியாதைக்காரர்களாகவே இருந்துவிடுகிறோம். வலியை மறைத்து, நன்றாக இருக்கிறோம் என்று பூசி மெழுகுகிறோம். வேண்டாம். உங்கள் பயம் எதுவோ அதை அப்படியே அவர் முன் வையுங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். உங்கள் வீட்டு ஆம்பளைகளிடமும் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், சொல்லும்வரை எழுந்து போகாதீர்கள்.

இதை எழுதும்போது மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்குக் கதவைச் சாத்தியவள் நான். இன்று திறந்தே வைத்திருக்கிறேன்.