உதிர்ந்த அனுமதி

"பர்மிஷன் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டியாப்பா?" என்று அக்கா கேட்டபோது நான் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பாத்துட்டேன்க்கா" என்றேன். பார்த்திருக்கவில்லை.

தாம்பரத்தில், ஸ்கேன் சென்டர்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் சிறிய நிறுவனம் அது. நிரல் எழுதுவது என் வேலை. அக்கா சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் வெளியே போகும். சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். வழக்கமாக எல்லாக் கோப்புகளையும் லினக்ஸ் கணினியில் தொகுத்து அனுப்புவோம். அன்று அது பழுதாகிவிட, என் விண்டோஸ் மடிக்கணினியிலேயே தொகுத்தேன். சென்டர்களின் கணினிகளும் லினக்ஸ்தான். அதில் ஒரு கோப்பு ஓடலாமா கூடாதா என்பதற்கு அனுமதிக் குறி உண்டு. விண்டோஸில் தொகுத்தால் அது சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். தொகுக்கும் கருவியில் ஒரு வரி சேர்த்தால் காப்பாற்றிவிடலாம். அடுத்த முறை சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

உதிர்ந்தது, ஸ்கேன் படங்களைத் தினமும் நகலெடுத்து வைக்கும் நிரலின் அனுமதி. அது சென்டரில்தான் ஓடும், எங்கள் அலுவலகத்தில் சோதிக்க வழியில்லை. அதனால்தான் அக்கா என்னைக் கேட்டிருந்தார். பல்லாவரத்தில் ஒரு சென்டரில் அது ஒரு நாள்கூட ஓடவில்லை. சில மாதங்களில் அங்கே ஹார்ட் டிஸ்க் போனது. படங்கள் போயின, நகலும் இல்லை.

நானும் அக்காவும் அங்கே போனபோது ஒரு பெண்மணி கவுன்ட்டரில் நின்றிருந்தார். "போன வருசம் இவருக்கு எடுத்த படம் இருந்தாத்தான் கட்டி வளந்துகீதான்னு சொல்ல முடியும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இல்லன்னா நான் இன்னா பண்றது?" அவருடைய கணவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் அருகில் போய் அவர்கள் முகவரியை எழுதிக்கொண்டார்.

மறுநாள் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, "யாரு செக் பண்ணி அனுப்புனது?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான்கைந்து நொடி இருக்கும். நான் நோட்டில் தேதியை எழுதினேன். எழுதிய தேதியின் மேலேயே மறுபடி எழுதினேன். "சைன் பண்ணது நான்தான் சார்" என்றார் அக்கா. அந்த வாரமே அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு வந்தது.

இரண்டு வருடம் கழித்து அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா. நீயே வாயத் தொறப்பேன்னு பாத்தேன்."

"மன்னிச்சிடுங்கக்கா."

"அன்னிக்குக் கவுன்ட்டர்ல நின்னாங்களே, அந்தம்மா வீட்டுக்காரர் இறந்துட்டாரு, தெரியுமா? போயிருந்தேன். பழைய படம் இருந்திருந்தா பொழச்சிருப்பாரான்னு கேட்டாங்க." கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளில் அவர்களுடைய பல்லாவரம் முகவரியை எழுதிக் கொடுத்தார். "எங்கிட்ட சொல்லிட்டே, சரி. அங்க போய்ச் சொல்லு."

தினமும் பல்லாவரம் வழியாகத்தான் மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். வண்டி அங்கே நின்று கிளம்பும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்னும் ஒரு நாளும் அங்கே இறங்கவில்லை.