ரீடிங் கலைந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்

1. தாம்பரம் ஸ்டேஷன்

போன செமஸ்டரில் ஒரு நாள் தலைவலி என்று அரை நாள் லீவு போட்டுவிட்டு, வேலை பார்க்கும் பொத்தேரியிலிருந்து ரயிலில் திரும்பினேன். தாம்பரத்தில் இறங்கினால், பிளாட்பாரம் பெஞ்சில் என் மகள் வித்யா லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எம்.எஸ்சி. கடைசி வருஷம். அந்த நேரத்தில் சிட்டியில் அவள் கல்லூரி லேபில் இருக்க வேண்டியவள்.

"ஒரு வாரமா போகலம்மா" என்றாள்.

தினமும் காலையில் கிளம்பி, அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இன்றும் அந்த பெஞ்சைத் திரும்பிப் பார்க்காமல் என்னால் கடக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். பிராஜெக்ட் ரீடிங்குகள் இருந்த எக்செல் ஷீட்டில் ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து ஏறுவரிசையில் அடுக்கியிருக்கிறாள். பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்டதைப் படிக்காமல் வேண்டாம் என்று தட்டிவிட்டாள். ரீடிங்குகள் இடம் மாறின, சாம்பிள் எண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. எது எதனுடையது என்று தெரியாது. அதையே சேவ் செய்து மூடியும் விட்டாள். அவளிடம் வேறு காபி கிடையாது.

நான் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்பவள். முதுகலை மாணவர்கள் டேட்டா அனாலிசிஸ் செய்வது என் லேபில்தான். இதே தவறோடு வருஷா வருஷம் யாராவது வருவார்கள். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"உங்கிட்டயா? டெய்லி சாப்பிடும்போது லேப் பசங்க பண்ற கூத்தச் சொல்லிச் சிரிப்ப. அதுல நானும் ஒரு ஆளா வரணுமா?"

அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

2. கைடு

மறுநாள் அவளோடு அவள் கல்லூரிக்குப் போனேன். பிராஜெக்ட் கைடு மேடத்துக்குக் கோபம் வந்தது. ஆனால் அது கலைத்ததற்காக இல்லை.

"ரீடிங் எடுக்கிற மெஷின் கம்ப்யூட்டர்லயே ஒரிஜினல் பைல் இருந்துச்சும்மா. முந்தாநாள்தான் பழைய பைலெல்லாம் அழிச்சு கிளீன் பண்ணோம். அதுக்கு முன்னாடி வந்திருந்தா பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போயிருப்ப."

திட்டு அதோடு முடிந்தது. எந்த எக்ஸ்பெரிமெண்ட்டை முதலில் திரும்பச் செய்வது என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். சப்மிஷன் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது.

3. முதுகலை படிப்பவர்களுக்கு

மெஷினிலிருந்து வந்த பைலைத் தொடாதீர்கள். அதை யாரும் மாற்ற முடியாதபடி ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டு, காபியில் வேலை செய்யுங்கள். கல்லூரி கொடுத்த மெயில் கணக்கில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். கோர்ஸ் முடிந்தால் பல இடங்களில் அதை மூடிவிடுவார்கள். இங்கே மூடுகிறவளே நான்தான். நீங்கள் படிக்கும் முதல் பேப்பரிலிருந்தே ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துங்கள், கடைசி மாதத்தில் உட்கார்ந்து மேற்கோள்களைச் சேர்க்க முடியாது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கோர்ஸ் எடுப்பதாக இருந்தால் எக்ஸ்பெரிமெண்ட் தொடங்கும் முன்பே எடுங்கள். எத்தனை சாம்பிள் வேண்டும் என்பதே அதில்தான் தெரியும். சர்டிபிகேட்டுக்காக ஆன்லைன் கோர்ஸ்களைச் சேர்த்துக்கொண்டே போவதில் பயனில்லை. உங்கள் பிராஜெக்ட்டுக்கு வேண்டியது ஒன்று போதும், அதை முழுசாக முடியுங்கள்.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் எத்தனை பேப்பர் போட்டிருக்கிறார் என்று சீனியர்களிடம் எல்லோரும் கேட்கிறார்கள். தப்பு நடந்துவிட்டது என்று போய்ச் சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வார் என்பதையும் விசாரியுங்கள்.

தவறு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். திட்டு விழத்தான் செய்யும். ஆனால் அன்றைக்கு மீட்க முடிவது ஒரு வாரம் கழித்து இருக்காது.

வீட்டில் நான் இப்போது லேப் கதைகள் சொல்வதில்லை. போன வாரம் சாப்பிடும்போது வித்யாவே ஆரம்பித்தாள். "இன்னிக்கு ஒரு பேட்ச் சாம்பிள் முழுக்க வீணாப்போச்சும்மா."

எப்படி என்று நான் கேட்கவில்லை. மேடத்திடம் சொல்லியாயிற்றா என்று மட்டும் கேட்டேன்.

சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினாளாம்.