யாருக்கும் அரைப்பேர் இல்லை

மாத்தளையில் எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த அறையில், ஞாயிறு பூசை முடிந்ததும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடக்கும். படிப்பித்தவர் என் சின்னம்மா. வீட்டில் எனக்கு எண்ணெய் வழிய வழியத் தலை வாரிவிடுகிறவர், அங்கே வந்ததும் என்னை முன்பின் தெரியாதவர் மாதிரிப் பார்ப்பார். நானும் "டீச்சர்" என்றுதான் கூப்பிட வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

அந்த வருடம் மேற்றிராணியார், அதாவது பிஷப், உறுதிபூசுதல் கொடுக்க வரவிருந்தார். அதற்கு முன் பங்குச் சாமியார் எங்களைச் சோதிப்பார். பதில் தெரியாதவர்கள் அடுத்த தடவை வரை காத்திருக்க வேண்டியதுதான். பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் எனக்குப் பக்கத்தில் இருப்பவள், இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிற என் சிநேகிதி. இருவரும் ஜோடியாகப் போவதென்று முடிவாகி, ஒரே துணியில் சட்டைகூடத் தைத்தாயிற்று.

சின்னம்மா திரித்துவத்துக்கு வந்தார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஆள் மூணு. ஆனா சிலுவை போடும்போது பேர்களாலேன்னா சொல்றோம்? பேராலேன்னுதானே? பேர் ஒண்ணுதான்."

சிநேகிதி எழும்பினாள். "அது நாயமில்லீங்க டீச்சர். மூணு ஆளு வேல செஞ்சா மூணு பேரு போடணுமுங்க."

டவுன் பிள்ளைகள் நாங்கள் சிரித்தோம். தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை; கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மூன்று ஆளுக்கு ஒரே பேர் போடுவது கணக்கப்பிள்ளை செய்கிற அநியாயம். மோட்சத்தில் அப்படி நடக்கிறதென்று தன் வாயால் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். "சும்மா சொல்லிட்டுப் போயேன்டி" என்று நான் கெஞ்சியும் பலனில்லை. சின்னம்மாவின் கனத்த புத்தகங்களிலோ அரைப்பேரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

சனிக்கிழமை அவர் பஸ் ஏறி இரத்தோட்டைக்குப் போனார். தோட்டத்து லய வீட்டில் சிநேகிதியின் அம்மாவோடு உட்கார்ந்து பேர் விவகாரம் முழுவதையும் விசாரித்து, சேலைக்கரையெல்லாம் சேறாகத் திரும்பி வந்தார்.

மறுநாள் வகுப்பில் சொன்னார்: "பேர் ஒண்ணுதான். ஆனா மூணு ஆளும் அதப் பங்கு போட்டுக்கல. பிதாவுக்கும் முழுப்பேரு, சுதனுக்கும் முழுப்பேரு, பரிசுத்த ஆவிக்கும் முழுப்பேரு. யாருக்கும் அரைப்பேரு இல்ல."

சிநேகிதி மூன்று பேரையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்ப சரிங்க டீச்சர்" என்று கடவுளுக்கு அனுமதி கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

சாமியார் முன்னால் அதையே தொண்டை கிழியச் சொன்னாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "அரைப்பேரோ? அது எந்தப் புத்தகத்தில கிடக்குது?" என்று சின்னம்மாவைக் கேட்டார்.

"இரத்தோட்டையில சாமி."

நான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். விளக்கத்தைக் கேட்டுச் சாமியார் சிரித்த சத்தத்தில்தான் கண் திறந்தேன். அவளும் தேறினாள். நாங்கள் ஜோடியாகவே போனோம்; அன்றைய சந்தோஷம் இன்னும் எனக்குக் குறையவில்லை.

சில வாரம் கழித்து, பூசை முடிந்து வாசலில் என் கையைப் பிடித்துக் குதித்தாள். "எனக்கும் தோட்டத்துல பேரு பதிஞ்சிட்டாங்கடி! நாளையிலருந்து முழுப்பேரு!"

இதைக் கேட்டால் சின்னம்மாவைவிடச் சந்தோஷப்படுகிறவர் யார்? அவளை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் நானே சொன்னேன். சின்னம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பாடம் பலித்த சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து நான் கை தட்டினேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில், பஸ் பிந்திவிட்டதாக்கும் என்று பக்கத்து இடத்தை அவளுக்காகப் பிடித்து வைத்திருந்தேன்.