கீறல் விழாத சிவப்புக் கிண்ணம்

சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரியுங்கள். 1988 டிசம்பரில், டென்மார்க்கில் ஸ்கீவ என்ற ஊரில், அகதியாக இருந்த தவராஜாவுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

அவன் மனைவி தவமலரும் மூன்று வயது மகளும் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் விசாவுக்காகக் காத்துக் கிடந்தார்கள். டென்மார்க் அரசு ஒன்றரை வருடமாக வாயே திறக்கவில்லை. அவர்கள் வந்தால் வீடு அழகாக இருக்கட்டும் என்று, பாவம், பழைய சாமான் சந்தையில் ஒரு சிவப்புக் கண்ணாடிக் கிண்ணம் வாங்கினான்.

பழைய கண்ணாடிச் சாமான்களில் பைத்தியமான ஊர் நண்பன் நீக்கிலாஸ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

“தங்கம் கலந்து உருக்கின சிவப்பு. இங்கிலாந்துச் சாமான். அடியில பார், கண்ணாடி செய்யேக்க பிடிக்கிற கம்பியில இருந்து முறிச்ச தழும்பைத் தேய்ச்சிருக்கிறாங்கள். நூறு வருசம் வரும்.”

அடியை விரலால் தடவினான். முகம் மாறியது.

“என்னடாப்பா?”

“பழசெண்டால் அடி விளிம்பு முழுக்கக் கீறல் இருக்கும். மேசையில வைச்சு வைச்சு எடுக்கிறதால. இதில ஒண்டுமில்லை.”

“அப்பிடியெண்டால்?”

“இதை ஒருத்தரும் கீழ வைக்கேல்லை.”

தவராஜா சிரித்தான். மனைவி, மகள் படத்துக்கு முன்னால் கிண்ணத்தை வைத்து, எண்ணெய் ஊற்றித் திரி கொளுத்தினான்.

நீக்கிலாஸ் பதறிப்போனான். “உனக்கென்ன விசரே? உயிரோட இருக்கிற ஆக்களின்ர படத்துக்கு விளக்கு வைப்பினமே? அணையடா!”

அணைத்தான். நீக்கிலாஸ் போய்விட்டான்.

பின்னேரம் நாலு மணி. டிசம்பர் என்பதால் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

கிர்ர்ர்...

மேசையில் கண்ணாடி இழுபடும் சத்தம். சமைத்துக்கொண்டிருந்தவன் குசினியிலிருந்து ஓடி வந்தான். கிண்ணம் மேசை ஓரத்தில் நின்றது. திரி எரிந்தது.

விழப்போகிறதே என்று கையில் எடுத்தான். யாரோ இவ்வளவு நேரமும் பிடித்திருந்ததுபோல வெதுவெதுப்பு.

கீழே வைக்கப் பார்த்தான்.

விரல்கள் விரியவில்லை.

கதவு... தானாகத் திறந்தது.

நினைவு திரும்பியபோது ஐந்து மணி. வெறுங்காலோடு வாசலுக்கு வெளியே நின்றான். கையில் கிண்ணம் இல்லை. சுற்றிலும் பனி கொட்டிக் கிடந்தது. அதில் ஒரு காலடிகூட இல்லை.

மறுநாள் கொழும்பிலிருந்து தவமலர் போன் எடுத்தாள். ஒரே அழுகை.

“ஏனப்பா சொல்லாமல் வந்தனீங்கள்? நேற்று ராத்திரி எட்டரைக்கு, லொட்ஜ் வாசலில...”

அங்கே எட்டரை என்றால் ஸ்கீவவில் நாலு மணி.

“நான்... வரேல்லையப்பா.”

“உங்கடை முகம். உங்கடை குரல். விசா என்னத்துக்கு, பிள்ளையை இப்பவே தா எண்டு, ஒரு கையில சிவப்புக் கிண்ணத்தோட மற்றக் கையை நீட்டினீங்கள். நான் குடுக்கேல்லை.”

“பிள்ளை?”

“என்ர மடியிலதான். ஆனா விடியத் துவக்கம் ஒண்டையே கேக்கிறாளப்பா... அப்பாவுக்குப் பின்னால வரிசையா நிண்ட வெள்ளைக்காரப் பிள்ளையள் ஆரெண்டு.”